மணல் தின்னும் சிற்பங்கள்



திருவரங்கம் போகாதவர் நம்மில் யார்? கும்பிடப் போனவர் உண்டு, கூலி வேலைக்குப் போனவர் உண்டு, வேடிக்கை பார்க்கப் போனவரும் உண்டு. போனவரெல்லாம் 236 அடி இராசகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும்! அது 1987-இல் முடிந்த வேலை. உள்ளே சேஷராயர் மண்டபத்திலே, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னங்கால் தூக்கிப் பாய்ந்து நிற்கின்றனவே கருங்கற் குதிரைகள், அவற்றின் முன் ஐந்து நிமிடம் நின்றவர் எத்தனை பேர்?

குதிரைமேல் வீரன், அவன் ஈட்டிக்கு எதிரே சீறும் வேங்கை. செதுக்கிய தொழிலாளியின் பெயரை நாம் அறியோம். அவன் போட்டுச் சென்ற கையெழுத்து அந்த உளிக்கோடு ஒன்றுதான்.

அந்தக் கோட்டுக்குத்தான் ஆபத்து! பட்டறைத் தோழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துருப்பிடித்த இரும்பின்மீது மணலைப் பீய்ச்சி அடித்தால் துரு உரியும். அதே முறையைக் கோயிற் கல்லுக்கும் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது, உண்மை. கூடவே கல்லின் மேல்தோலும் போனது. சிலையின் மூக்கும் விழியும் மழுங்கின. கல்வெட்டின் எழுத்துத் தேய்ந்தது. சொரசொரப்பான கல்லில் அழுக்கும் ஈரமும் முன்னைவிட விரைவில் ஏறும். அறநிலையத் துறையே தடை விதித்த முறை இது. ஆனால் குடமுழுக்கு நாள் நெருங்கிவிட்டால் அவசரக்காரருக்குத் தடை நினைவிருக்குமா?

வேறு வழி இல்லையா? உண்டு. மென்மையான தூரிகை, நல்ல தண்ணீர், பொறுமை. உப்புப் பூத்த கல்லுக்கு ஈரக் காகிதக் கூழை அப்பிக் காயவிட்டால், உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். கூலி அதிகம், நாளும் அதிகம். ஆகவே ஒப்பந்தக்காரருக்குக் கசக்கிறது. 2015 குடமுழுக்கையொட்டித் திருவரங்கத்தில் பழைய முறைப்படி திருப்பணி செய்தார்கள், மழைநீர் வடியும் பழைய வழிகளையும் மீட்டார்கள். 2017-இல் யுனெஸ்கோ விருது அளித்தது. செய்ய முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

காப்பது பாதி வேலை. காட்டுவது மறுபாதி. மலைக்கோட்டையருகே இராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பல ஊர்க் கற்சிலைகள் அதன் முற்றத்தில் நிற்கின்றன. கடைத்தெருவுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி உள்ளே நுழைந்தால் இடம் போதாது! நுழைவதில்லையே, ஏன்? "13-ஆம் நூற்றாண்டு, கருங்கல்" என்று எழுதி வைத்தால் கல் பேசிவிடுமா? எந்த ஊரில், எந்த நிலத்தில் கிடைத்தது, கையில் இருப்பது என்ன, கை ஒடிந்தது எதனால் என்று எளிய தமிழில் எழுதட்டும்.

இன்னொன்று. வாய்க்கால் வெட்டும்போது சிலை தட்டுப்பட்டால் கழுவிப் பொட்டு வைத்து மரத்தடியில் நிறுத்திவிடாதீர்கள், வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. ஊரைவிட்டுச் சிலை போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அதற்காகவேனும் அதன் படத்தையும் வரலாற்றையும் அந்த ஊர்ப் பள்ளியில் அரசு மாட்டி வைக்கவேண்டும். பகல் ஷிப்டு முடித்து மாலையில் பிள்ளைகளோடு வருகிற தொழிலாளிக்கும் அருங்காட்சியகத்தின் கதவு திறந்திருக்கவேண்டும்.