விருந்தினரும் ஆய்வுகூடமும்

ஒரு பொருள் நாட்டை விட்டு வெளியேறும் இடம் துறைமுகம் என்பதே பொதுவான எண்ணம். பெட்டியைத் திறந்து பார்க்கச் சுங்க அதிகாரி உண்டு. பத்திரத்தில் முத்திரை பதிக்க அலுவலகம் உண்டு. ஆனால், ஆய்வுகூடத்தில் ஒருவர் விளக்கிச் சொல்ல மற்றொருவர் கேட்டுக் கொண்டிருக்கும்பொழுது கைமாறுகின்ற அறிவுக்குப் பெட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை. அதனையும் ஏற்றுமதியாகவே கொள்ளும் சட்டம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடைமுறையில் இருக்கின்றது.

அந்நாட்டிலே படைக்கலங்களைச் சார்ந்த நுட்பங்களை இராசாங்கத் திணைக்களம் கட்டுப்படுத்துகின்றது. குடிமக்களின் வாழ்வுக்கும் படைத்துறைக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய நுட்பங்களைப் பெரும்பாலும் வர்த்தகத் திணைக்களம் கவனிக்கின்றது. இவ்விரு விதித் தொகுதிகளின்படியும், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நுட்பத்தை வெளிநாட்டார் ஒருவருக்கு அமெரிக்க மண்ணிலேயே வெளிப்படுத்துவது ஏற்றுமதியாகிவிடும். வரைபடத்தைக் காட்டுவதும், வாய்மொழியாக விளக்குவதும், உள்ளமைப்புப் புலப்படும்படி கருவியைப் பார்க்க விடுவதும் இதில் அடங்கும். வேண்டியவிடத்து முன்னரே அநுமதிப் பத்திரம் பெறாதிருப்பது குற்றம்.

இவ்விதி ஏட்டளவில் நிற்பதன்று என்பதைத் தெனெசிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீஸ் ரோத் என்பவரின் வழக்கு காட்டியது. அவர் பிளாஸ்மா என்னும் மின்னூட்டம் பெற்ற வாயுவைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஆளில்லா விமானத்தின் சிறகின்மீது அத்தகைய வாயுவை உண்டாக்கிக் காற்றோட்டத்தை ஆளும் முறையை, அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் ஒன்றின் கீழ் அவர் ஆராய்ந்தார். சீனாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்து அவரிடம் பயின்ற மாணவர்களுக்கு, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட விவரங்கள் எட்டின. 2006 ஆம் ஆண்டில் சீனாவுக்குச் சென்றபோது அத்தகைய விவரங்களை அவர் உடன் கொண்டு சென்றார். ஏற்றுமதி விதிகளைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலர் அவரை எச்சரித்திருந்தார் என்பதும் வழக்கில் வெளியாயிற்று. 2008 ஆம் ஆண்டில் யூரர் அவரைக் குற்றவாளி எனக் கண்டனர். 2009 இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு 2011 இல் தோல்வியுற்றது. எழுபது வயதைக் கடந்த பின்னர், 2012 இல் அவர் சிறை புகுந்தார்.

அப்படியாயின், பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டாருக்குக் கதவை அடைத்துவிட வேண்டுமா? அது நோய்க்கு அஞ்சி உணவை விலக்குவது போலாகும். கருத்துப் பரிமாற்றமின்றி விஞ்ஞானம் வளராது. இதனை உணர்ந்தே, 1985 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரேகன் ஒரு பணிப்புரை விடுத்தார். அடிப்படை ஆராய்ச்சியின் பெறுபேறுகள் இயன்ற அளவு கட்டுப்பாடின்றி இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். வெளிப்படையாகப் பிரசுரிக்கும் நோக்குடன் நடைபெறும் ஆராய்ச்சியின் முடிவுகளுக்கும், பிரசுரமான நூல்களுக்கும், பாடத் திட்டத்தில் உள்ள பொதுவான போதனைக்கும் இவ்வகையில் விலக்கு உண்டு.

எனினும் அவ்விலக்குக்கு எல்லை உண்டு. பணம் தருவோர் தம் சம்மதமின்றி முடிவுகளைப் பிரசுரிக்கலாகாது என்று நிபந்தனை விதித்து, பல்கலைக்கழகமும் அதனை ஏற்றுக் கொண்டால் விலக்குப் போய்விடும். முடிவு கட்டுப்பாடற்றதாயினும், அதனை அடையப் பயன்பட்ட கருவியின் நுட்பம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாகவே இருத்தலும் கூடும். பல ஆராய்ச்சியாளர் இடறி விழும் இடம் இதுவே.

ஆகவே, விருந்தினர் வந்த பின்னர் விழிப்பது பயன் தராது. அழைப்பு எழுதும் வேளையிலேயே வேலை தொடங்க வேண்டும். வருபவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், எந்த ஆராய்ச்சியைக் காண விரும்புகிறார், எத்தனை நாள் தங்குவார் என்பன முதலில் தெளிவாக வேண்டும். அரசாங்கம் வெளியிட்டுள்ள தடைப் பட்டியல்களுடன் பெயரையும் நிறுவனத்தையும் ஒப்பு நோக்க வேண்டும். பின்னர், அவர் செல்லும் வழி வகுக்கப்படுகின்றது. உரையாடல் கருத்தரங்கு அறையில் நடைபெறலாம். ஆய்வுகூடத்தைக் காட்டுவதாயின், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கருவியை மூடி, வரைபடங்களை அகற்றி, கணினித் திரைகளை அணைத்த பின்னரே அவரை அழைத்துச் செல்வர். உடன் செல்பவர் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதை முன்னரே அறிந்தவராக இருத்தல் வேண்டும். நெடுநாள் தங்குபவராயின், திறவுகோல், கணினி அநுமதி, பொறுப்பாளர் ஆகியவற்றை வரையறுக்கும் எழுத்து மூலமான திட்டம் வேண்டும்.

இவ்வளவும் செய்யும்போது விருந்தினரின் மானத்துக்குப் பழுது நேரலாகாது. ஒருவரின் முகத்தையோ பெயரையோ பார்த்து ஐயுறுவது விதியின் கருத்தன்று. தெகிரானில் பிறந்து, அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர் இவ்விதிகளின் கண்ணுக்கு வெளிநாட்டாரல்லர். அவ்வுரிமை பெறாத பிரித்தானியப் பிரசை வெளிநாட்டாரே. எனவே, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்பதே நேர்மையும் பாதுகாப்புமாகும். காட்ட முடியாதது உண்டென்றால், அதனை முன்கூட்டியே பண்புடன் அறிவித்துவிடலாம். வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதைக் காட்டிலும் அது மேலானது.

வேலி எங்கே வேண்டும் என்று தெளிந்தவன் தோட்டம் முழுவதையும் மதிலால் மறைப்பதில்லை. எந்த அறையில், எந்தக் கருவியில், எந்த ஏட்டில் கட்டுப்பாடு தங்கியிருக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் தாமே அறிந்திருப்பின், காவல் அவ்விடத்தோடு அமையும். ஏனைய கதவுகள் யாவும் அறிவை நாடி வருவோருக்குத் திறந்தே இருக்கும்.