ஜுரம் விட்ட பிறகும் தங்கும் வைரஸ்

ஓசூரில் குடியிருந்துகொண்டு, அத்திபெலே எல்லையைத் தாண்டி ஆனேக்கல் வட்டத்தின் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளில் ஜீவனம் தேடும் தமிழர்கள் ஏராளம். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், தொற்றுக்கு ஆளானவர்களுக்கு, ஜுரம் தணிந்து இருமல் ஓய்ந்து பசி திரும்பிய பின்னரும், பரிசோதனை முடிவு 'நெகடிவ்' என்று வரும்வரையில் வீடும் வேலையும் எட்டாதவையாகவே இருந்தன. ஒருவருக்குப் பத்தே நாளில் அகலும் வைரஸ் மற்றொருவரிடம் ஒரு மாதத்துக்கு மேலும் தங்குவானேன் என்ற வினா அன்று விஞ்ஞானிகளை மட்டுமன்றி, தினக்கூலியை நம்பிய குடும்பங்களையும் வாட்டியது.

வூஹான் நகரில் 191 நோயாளிகளை ஆராய்ந்து அவ்வாண்டு மார்ச்சில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்ட வைத்தியர்கள், பிழைத்தவர்களின் சரீரத்தில் வைரஸின் அடையாளம் காணப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 20 நாள் என்றும், மிகக் குறைந்தது 8 நாள், மிக நீண்டது 37 நாள் என்றும் கண்டனர். வூஹானுக்கு வெளியே இரண்டு மருத்துவமனைகளில் 113 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஆண்களாயிருத்தல், நோய் கண்டபின் தாமதித்து மருத்துவமனையில் சேர்தல், செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுமளவுக்கு நோய் முற்றுதல் ஆகிய மூன்றும் நீண்ட காலத்தோடு சம்பந்தப்பட்டிருந்தன. எனினும் சம்பந்தம் வேறு, காரணம் வேறு என்பதை நாம் மறக்கலாகாது. ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களிடம் வைரஸ் மெதுவாக நீங்குவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறின; ஆனால் அம்மருந்து பெரும்பாலும் கடுமையாக நோயுற்றவர்களுக்கே கொடுக்கப்பட்டதாதலால், தாமதத்துக்கு மருந்து காரணமா, நோயின் கடுமை காரணமா என்று பிரித்தறிவது எளிதன்று. அன்றியும், இங்கிலாந்தில் நடந்த 'ரிக்கவரி' பரிசோதனையில், செயற்கைச் சுவாசத்திலிருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டே அல்லவா? வைரஸ் விரைவில் நீங்குவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இனி, அந்த 'நெகடிவ்' முடிவைத் தரும் பி.சி.ஆர். பரிசோதனை காண்பது வைரஸின் மரபுப் பொருளையே. அது உயிருள்ளதா, சிதைந்த துணுக்கா என்று அப்பரிசோதனை சொல்வதில்லை. திருவிழா முடிந்த தெருவில் கிடக்கும் தோரணக் காகிதம் திருவிழா நடந்துகொண்டிருப்பதற்குச் சான்றாகாதது போலவே, மூக்கில் எஞ்சிய துணுக்கும் தொற்றும் சக்திக்குச் சான்றாகாது. மியூனிக்கில் இலேசாக நோயுற்ற ஒன்பது பேரை ஆராய்ந்தபோது, மரபுப் பொருள் தொடர்ந்து காணப்பட்ட போதிலும், நோய்க்குறி தோன்றி எட்டு நாளுக்குப் பின் எடுத்த மாதிரிகளிலிருந்து வளரக்கூடிய வைரஸைப் பிரித்தெடுக்க இயலவில்லை. இந்த உண்மை வெளிப்பட்டபோது, பரிசோதனைத் தாளை எதிர்பார்த்து ஏங்கிய ஏழை மக்களுக்கு எத்தகைய நியாயம் கிடைத்தது என்பதை நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

இருமுறை 'நெகடிவ்' வந்தால்தான் விடுவிப்பது என்றிருந்த முறையை மத்திய அரசு 2020 மே 8ஆம் தேதி மாற்றியது: நோய் இலேசானதாயின், குறி தோன்றிப் பத்து நாள் கழித்து, கடைசி மூன்று நாளும் ஜுரமில்லையெனில், மறுபரிசோதனையின்றியே வீடு திரும்பலாம் என்றாயிற்று. கடுமையாக நோயுற்றவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் மட்டும் ஒரு 'நெகடிவ்' முடிவு அவசியமென்று வைத்தார்கள். அது தேவையற்ற கண்டிப்பன்று. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை உட்கொண்டுவந்த பாஸ்டன் நோயாளி ஒருவரின் சரீரத்தில், ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து அவர் இறக்கும் வரையில், வைரஸ் மாறுதலடைந்தபடியே வாழ்ந்துவந்ததைப் பின்னர் வைத்தியர்கள் பதிவு செய்தனர்.