காற்றாலைக்கு முந்தைய கழுகுக் கணக்கு

ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள தரிஃபா பகுதிக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே கடல் வெறும் 14 கிலோமீட்டர்தான். சூடான நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் ஏறி, சிறகை அதிகம் அசைக்காமல் மிதந்து செல்லும் பெரிய பறவைகளுக்குக் கடல் ஆகாது. அப்படித் தூக்கிவிடும் காற்று அங்கே சரிவரக் கிடைப்பதில்லை. அதனால்தான் ஐரோப்பாவின் செங்கால் நாரைகளும் கள்ளப் பருந்துகளும் குளிருக்கு முன்னால் இந்தக் குறுகலான இடத்தைத் தேடி வந்து கடலைத் தாண்டுகின்றன. காற்று சீறிப் பாய்வதும் இதே குறுகலில்தான். எனவே காற்றாலைக்காரர்களும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பாறு கழுகுகள் ஆண்டு முழுவதும் அதே மலைச்சரிவுகளில் வட்டமிடுகின்றன.

காற்றாலை நடுமுன் பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் நெடுநாளைய விதி. தரிஃபா அமைந்துள்ள அந்தலூசியாவிலும் எடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பால் பலன் இருந்ததா என்று மிகேல் ஃபெரரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘இங்கே ஆபத்து அதிகம், அங்கே குறைவு’ என்று முன்கூட்டியே எழுதப்பட்ட அறிக்கைகளை, 20 காற்றாலைப் பண்ணைகளில் பிறகு உண்மையாகவே செத்து விழுந்த பறவைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணக்கெடுத்தவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்கள் கேட்ட கேள்விதான் வேறு. இந்த இடத்தில் எத்தனை பறவைகள் பறக்கின்றன என்று எண்ணினார்கள். ஆனால், பறவை அதிகம் இருக்கும் இடத்தில்தான் சாவும் அதிகம் என்று சொல்வதற்கில்லை என்பதை மனுவேலா தெ லூகாஸ் குழு 2008இலேயே தரிஃபாவில் காட்டியிருந்தது. நெடுஞ்சாலையில் நாளொன்றுக்கு எத்தனை லாரி போகிறது என்று எண்ணினால், விபத்து எந்த வளைவில் நடக்கும் என்று தெரிந்துவிடுமா?

பாறு கழுகின் உடல் கனமானது. சிறகடித்து உயரே ஏறுவது அதற்குப் பெரும் செலவு. கோடையில் சூடான காற்று தாராளமாகத் தூக்கிவிடுவதால் காற்றாலைகளுக்கு மேலே எளிதாக எழும்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த உதவி குறைந்துவிடும். அப்போது மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றை நம்பி, முகட்டை ஒட்டித் தாழப் பறக்கிறது. காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் அதே முகட்டில்தான். பார்வையும் கைகொடுப்பதில்லை. கீழே செத்த மாடு கிடக்கிறதா என்று தலையைத் தாழ்த்தித் தேடும்போது, நேர் எதிரே இருப்பது பாறுவின் பார்வைக்குள் வருவதில்லை என்று பறவைகளின் கண்ணை ஆராயும் கிரகாம் மார்ட்டின் குழு கண்டறிந்தது.

ஆக, பறவையின் எண்ணிக்கையைவிட அது போகும் தடம்தான் முக்கியம். தரிஃபா ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க ஒரு விந்தையான வேலை செய்தார்கள். அந்த நிலப்பரப்பின் சிறிய மாதிரியைச் செய்து, விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்துக் காற்றை ஓடவிட்டார்கள். மாதிரியில் காற்று ஓடிய தடமும், வெளியே பாறுகள் பறந்த தடமும் பொருந்திவந்தன. இந்தச் சோதனையைக் கட்டுமானத்துக்கு முன்பே செய்யலாம் என்பதுதான் இதன் அருமை.

களப்பணியிலும் தடத்தைப் பதிவு செய்யும் முறை உண்டு. ஸ்காட்லாந்தின் வழிகாட்டுதலைப் பாருங்கள். பார்வை மறையாத ஓர் உயரமான இடத்தில் கவனிப்பவர் உட்கார்ந்து, இரண்டு கிலோமீட்டர் தூரம் வரை கண்காணிக்கிறார். கழுகு ஒன்று தென்பட்டால் அதன் பாதையை வரைபடத்தில் கோடாக இழுத்து, 15 நொடிக்கு ஒருமுறை அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறிக்கிறார். ஒரு பருவத்துக்கு ஓர் இடத்தில் குறைந்தது 36 மணி நேரம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பனியிலும் குளிரிலும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மணிகள்தான் இதில் அதிகம்.

பிறகு கணிதம். காற்றாலை இறக்கை சுழலும் பரப்பை ஆண்டுக்கு எத்தனை முறை கழுகு கடக்கும், கடந்தால் அடிபட எவ்வளவு வாய்ப்பு என்று பில் பேண்ட் உருவாக்கிய சூத்திரம் சொல்லும். பெரும்பாலான பறவைகள் இறக்கையைப் பார்த்து விலகிவிடும் என்பதால், விலகும் விகிதம் கழிக்கப்படுகிறது. சூட்சுமம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நூற்றுக்கு 98 விலகும் என்று வைத்தால் ஒரு விடை. 99 என்று வைத்தால் சாவு நேர்பாதி! அறிக்கையில் ஓர் எண்ணை மாற்றினால் கழுகுகள் காகிதத்தில் பிழைத்துக்கொள்ளும். அந்த எண் நம்பத்தக்கதாக இருக்க, கட்டி முடித்த பண்ணைகளில் விழுந்த உடல்களை எண்ணியிருக்க வேண்டும். நரி தூக்கிப் போனதையும், தேடுபவர் கண்ணுக்குத் தப்பியதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கவனிக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் அல்டமான்ட் கணவாய் பழைய பாடம். 1980களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் அங்கே முளைத்தன. அந்தப் புல்வெளி, தரை அணில்களைத் தேடிப் பொன்னிறக் கழுகுகள் வரும் வேட்டை நிலம். ஆண்டுக்கு 880 முதல் 1,300 வரை இரைக்கொல்லிப் பறவைகள் அங்கே சாகின்றன என்று கலிபோர்னிய எரிசக்தி ஆணையத்துக்காக 2004இல் தயாரான அறிக்கை மதிப்பிட்டது.

நல்ல செய்தியும் உண்டு, அதுவும் தரிஃபாவிலிருந்தே. பாறுகள் நெருங்குவதைக் கண்டதும் குறிப்பிட்ட காற்றாலையை மட்டும் நிறுத்தும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். பாறுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு 0.07 சதவீதம். நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் தலா ஓர் இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தபோது பறவைகளின் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020இல் அறிவித்தார்கள். நான்கு காற்றாலை மிகச் சிறிய மாதிரி என்பதை மறக்கக் கூடாது.

நம் பக்கம் வருவோம். மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில், காற்றாலை உள்ள இடங்களில் இரைக்கொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதையும், பயமற்றுப்போன ஓணான்கள் பெருகியிருப்பதையும் மரியா தாக்கர் குழு 2018இல் பதிவு செய்தது. செத்து விழுந்த உடல்களை மட்டும் எண்ணினால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. இலங்கையின் மன்னார் தீவு, மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனைகளில் ஒன்று. அதன் அருகே பூநாரைகள் கூடும் வங்காலை சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2010இல் ராம்சர் தகுதி பெற்றது. ‘தம்பபவனி’ காற்றாலைகள் 30 மன்னார் தீவில் ஏற்கெனவே சுழல்கின்றன. அடுத்து வரவிருந்த அதானி திட்டத்தை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் 2024இல் உச்ச நீதிமன்றம் போயின. மின் விலைச் சிக்கலில் அந்நிறுவனம் 2025இல் விலகிக்கொண்டது. பறவைகள் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால், இந்தியாவின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் காற்றாலை இல்லை. நிலக்கரியைவிடக் காற்று மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அதற்காக எந்த முகட்டில் வேண்டுமானாலும் நடலாம் என்று ஆகிவிடாது. காற்றாலையை அந்தப் பட்டியலில் சேர்த்து, வலசைப் பருவங்களில் பறவைத் தடங்களைப் பதிவு செய்யவும், கட்டிய பிறகு விழும் உடல்களின் கணக்கைப் பொதுவில் வைக்கவும் ஒன்றிய அரசு சட்டம் செய்ய வேண்டும்.