செனகல்: விருந்தாளி பிள்ளையாகும் வீடு

சேவை செய்ய வரும் அமெரிக்கத் தொண்டர்களுக்கு முதல் சேவை செய்வது ஏழைக் கிராமத்துக் குடும்பங்கள்தான்

பொழுது விடியுமுன்பே உலக்கைச் சத்தம் எழுப்பிவிடுகிறது. முற்றத்தில் பெண்கள் மர உரலில் கம்பு குத்துகிறார்கள். கொசுவலையை விலக்கிக்கொண்டு வெளியே வரும் புதிய தொண்டர், முகம் கழுவுவதற்கு முன் ஒரு கடமையை முடித்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நலம் விசாரிக்க வேண்டும். "நாங்கா தெஃப்?" என்று கேட்டால் "மாங்கி ஃபி ரெக்" என்று பதில் வரும். 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று பொருள். யாராவது ஒருவரை விட்டுவிட்டால், என்ன கோபம் என்ற விசாரணை தொடங்கிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகலின் கிராமங்களில் 1963 முதல் நடந்துவரும் காட்சி இது. அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் தொடங்கிய தொண்டர் அமைப்பு பீஸ் கோர். அதன் முதல் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் கானாவில் போய் இறங்கியது. இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1961 முதல் 1976 வரை அதன் தொண்டர்கள் இங்கே இருந்தார்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் மும்பையை அடுத்த விக்ரோலிக்குத் தொண்டராக வந்தவர்.

பயிற்சியும் பணியுமாக மொத்தம் 27 மாதங்கள். டாக்கருக்குக் கிழக்கே உள்ள தியெஸ் நகரில் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் உண்மையான பள்ளிக்கூடம், தொண்டரை ஏற்றுக்கொள்ளும் வீடுதான்.

புதுப் பெயர், புது உறவு

அந்த வீட்டில் முதலில் கிடைப்பது பெயர். பாட்டியின் பெயரோ அத்தையின் பெயரோ சூட்டப்படும். கூடவே குடும்பப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பலன் உண்டு. 'ன்ஜாய்' குடும்பத்தில் சேர்ந்தவரை, முன்பின் தெரியாத 'ஜோப்' குடும்பத்துக்காரர் சந்தையில் பார்த்து, சாப்பாட்டு ராமன் என்று கேலி செய்வார். அது வசை அல்ல, தலைமுறைகளாக வரும் கேலி உறவு. நம் ஊர் மாமன் மச்சான் கிண்டலைப் போல. பதிலுக்குக் கிண்டல் செய்யத் தெரிந்துவிட்டால் பாதி மொழி வந்துவிட்டது என்று பொருள்.

பட்டதாரியாக வந்தவர், வீட்டில் சின்னக் குழந்தையாகிறார். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தத் தெரியாது. வாளித் தண்ணீரில் சிக்கனமாகக் குளிக்கத் தெரியாது. ஆறு வயதுச் சிறுமி கற்றுத் தருகிறாள். தனியாகப் படிக்கலாம் என்று அறைக் கதவைச் சாத்தினால், உடம்புக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு வாசலில் ஆள் நிற்கிறது. தனிமை என்பது அங்கே ஓய்வு அல்ல, நோய் அல்லது மனக்கசப்பு.

தாம்பாளத்தைச் சுற்றி

மதியம், பாயில் ஒரு பெரிய எனாமல் தாம்பாளம் வந்து அமர்கிறது. மீனும் காய்களும் போட்ட சோறு. 'செபுஜென்' என்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற உணவு. சுற்றி உட்கார்ந்து வலது கையால், அவரவர் முன்னால் இருக்கும் பகுதியை மட்டுமே உண்ண வேண்டும். மீனும் காயும் நடுவில் இருக்கும். வீட்டுத் தலைவி அவற்றைப் பிட்டு ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுவார். விருந்தாளி பக்கம் சற்றுப் பெரிய துண்டு போகும்.

இந்தச் சோற்றில் இந்தியத் தொடர்பும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து வந்த நொய்யரிசி செனகல்காரர்களின் நாக்கில் தங்கிவிட்டது. இன்று நம்மிடமிருந்தும் வாங்குகிறார்கள். 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது கவலைப்பட்ட நாடுகளில் செனகலும் ஒன்று. 2025 மார்ச்சில்தான் தடை முழுமையாக நீங்கியது.

உண்மையான சோதனை மழைக்காலத்தில் வருகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் களஞ்சியம் காலி, புது அறுவடை இன்னும் வரவில்லை. தாம்பாளத்தில் மீன் சிறுக்கிறது. விருந்தாளியின் துண்டு மட்டும் சிறுப்பதில்லை. தன் பக்கம் வரும் மீன் எந்தக் குழந்தையின் பங்கு என்பது தொண்டருக்கு அப்போதுதான் புரிகிறது. மறுத்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். உண்டால் நெஞ்சில் முள்.

அனுபவப்பட்டவர்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். மாதச் செலவுக்குத் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்கள். வாரச் சந்தைக்குப் போனால் எண்ணெயும் காயும் வாங்கி வந்து சத்தமில்லாமல் சமையலறையில் வைத்துவிடுகிறார்கள். பந்தியிலேயே, தாய் தள்ளிய துண்டைப் பிட்டுப் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் பக்கம் தள்ளுகிறார்கள். அதை யாரும் தடுப்பதில்லை. விருந்தாளிக்கு அந்த உரிமை கிடையாது, வீட்டு மனிதருக்கு உண்டு. தொண்டர் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இடது கை

திட்ட அறிக்கைகளில் நட்ட மரங்களும் நடத்திய வகுப்புகளும் கணக்கில் வரும். தள்ளிக் கொடுத்த மீனை யாரும் கணக்கெடுப்பதில்லை. 'தெராங்கா' என்று செனகல்காரர்கள் பெருமையோடு சொல்லும் விருந்தோம்பலின் விலையைக் கொடுப்பது இந்தக் குடும்பங்கள். தொண்டருக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது. அவர்களுக்கு அடுத்த மழைக்காலம் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, உலகம் முழுவதும் இருந்த பீஸ் கோர் தொண்டர்கள் அவசரமாகத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்த அமைப்பின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. தொண்டர்கள் மறுபடி வெளிநாடுகளுக்குப் புறப்பட 2022 மார்ச் வரை ஆனது.

செனகலில் நீண்ட பயணம் போகிறவரை இடது கை கொடுத்து வழியனுப்புவார்கள். இடது கை கொடுப்பது தவறு. அந்தத் தவறைத் திருத்த மறுபடி சந்தித்தே ஆக வேண்டும் என்பது நம்பிக்கை. கொடுக்க வந்தவர் கடைசியில் கடன்பட்டவராகத்தான் விமானம் ஏறுகிறார்.