மகாலைச் சுற்றிக் கிடக்கும் காகிதங்கள்

மதுரையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. 1868இல் நெல்சன் எழுதிய ஜில்லா மானுவல், 1906இல் ஃபிரான்சிஸ் தொகுத்த கெசட்டியர், தேவகுஞ்சரியின் நூல், கோயில் தல வரலாறுகள், பாதிரிமார் கடிதங்கள் என்று ஓர் அலமாரியே நிறையும். அந்த அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திருமலை நாயக்கர் மகால், பத்துத்தூண் சந்து, விளக்குத்தூண், பந்தடித் தெருக்கள் என்று நீளும் பேட்டையில், நூறு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் எத்தனை தறி ஓடியது, சாயத்தை யாரிடம் கடனுக்கு வாங்கினார்கள், குடிக்கூலி எவ்வளவு? மன்னர் எந்த வருஷம் பட்டமேறினார் என்று கேட்டால் புத்தகத்துக்குப் புத்தகம் தேதி கிடைக்கும். இதற்கு ஒன்றும் வாய் திறக்காது. பதில் இல்லாமல் இல்லை. அந்த வீடுகளின் பரணிலும் பீரோவிலும், கடைகளின் கல்லாப்பெட்டிக்கு அடியிலும், சங்கங்களின் பூட்டிய அறைகளிலும் அது காகிதமாகக் கிடக்கிறது. பெரிய ஆவணக் காப்பகங்களில் இந்தப் பேட்டையைப் பற்றி இருப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் தங்கள் தேவைக்காக எழுதி வைத்தவை. பேட்டை தனக்காக எழுதிக்கொண்டவையோ எடைக்குப் போகின்றன, அல்லது போகி நெருப்புக்குப் போகின்றன. இவற்றைத் தெருவாரியாகத் திரட்டும் ஒரு தொகுப்பு மதுரைக்குள்ளேயே வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் விட்டுச் சென்றது அற்பமல்ல. 1792இல் இங்கு வந்த ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் இடிந்து கிடந்த மகாலை வரைந்தார்கள். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இன் தொடக்கத்தில் மகாலையும் கோயிலையும் புதுமண்டபத்தையும் வைகையையும் படமெடுத்தார். விளக்குத்தூணைக்கூட விடவில்லை. அந்தப் படங்கள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. கல்லின் செதுக்கல் ஒவ்வொன்றும் அவற்றில் துல்லியமாகத் தெரிகிறது, மனிதர்கள்தான் அரிது. மெழுகேற்றிய காகித நெகட்டிவில் உருவம் பதிய நேரம் பிடிக்கும், நடமாடுகிறவர் தடமில்லாமல் போய்விடுவார். அது கருவியின் குறை என்று விட்டுவிடலாம். ஆனால் எழுத்து ஆவணங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1834இல் மதுரையில் கால் வைத்த அமெரிக்க மிஷன் அனுப்பிய அறிக்கைகள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது பள்ளிக்கூடம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, வேதத்தில் சேர்ந்தவர் எத்தனை என்பது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அந்தக் கணக்கில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

அரசாங்க ஆவணம் இன்னும் வெளிப்படையானது. 1834இல் கலெக்டராக வந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதுதான் இன்றைய மதுரையின் உருவம் உண்டாயிற்று. மாசி வீதிகளோடு முடிந்த ஊர் வெளி வீதிகள்வரை பரவியது. இடித்துச் சமன்படுத்துகிறவர்களுக்கே மனை என்ற ஏற்பாட்டால் வேலை நடந்தது. மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் அளந்த மாரட் பெயரிலும் தெருக்கள் இருக்கின்றன, கலெக்டருக்கு நன்றியாக விளக்குத்தூண் நிற்கிறது. இந்த மாதிரி பெரிய காரியங்களின் கடிதப் போக்குவரத்துக்குத்தான் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அதில் தேடினால் அரசாங்கம் எதற்கு அனுமதித்தது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் கிடைக்கக்கூடும். மனை வாங்கியவர் அதில் என்ன கட்டினார், யாருக்கு விட்டார், யாரிடம் இழந்தார் என்பது கலெக்டருக்குத் தேவையில்லாத விஷயம். ஆவணம் என்பது கேட்டவருக்குச் சொன்ன பதில், கேட்காததை அது சொல்லாது.

சண்டை வந்தால் மட்டும் கதை மாறும். கவர்னர் நேப்பியர் 1866க்குப் பிறகு மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அங்கே இயங்கிய நீதிமன்றங்கள் 1970வரை அந்தத் தூண்களுக்கு நடுவேதான் விசாரித்தன. அதாவது, மகாலைச் சுற்றியிருந்தவர்களின் பொதுச்சுவர்த் தகராறும், ஜலதாரைத் தகராறும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும் அந்த மகாலுக்குள்ளேயே தீர்ப்பாயின. ஒரு சிவில் வழக்குக் கட்டைப் பிரித்தால் பிராது, எதிர்வாதம், சாட்சி வாக்குமூலம், கமிஷனர் போட்ட வரைபடம், சான்றாவணமாகத் தாக்கலான கணக்கு நோட்டு என்று ஒரு தெருவே எழுந்து நிற்கும். ஆனால் 1917ஆம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் விதிகள் வகுக்கலாம், கெடு முடிந்த கட்டுகளை அழித்துவிடலாம். இது யாருடைய அலட்சியமும் அல்ல, சட்டப்படியான நடைமுறை. அதோடு, வழக்குக் கட்டு சண்டையை மட்டுமே சொல்லும். இந்தப் பேட்டையின் சௌராஷ்டிரர்கள் போற்றும் ராணி மங்கம்மாளின் ஓலைச் சாசனம்கூட அப்படிப் பிறந்ததுதான். பூணூல் மாற்றும் உபாகர்மச் சடங்கைச் செய்தார்கள் என்று பதினெட்டுப் பேரைப் பிடித்து வைத்ததும், ராணி பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டுச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தர்ஸ்டன் தொகுப்புவரை வந்துவிட்டன. அந்தப் பதினெட்டுப் பேர் என்ன நெய்தார்கள், எங்கே விற்றார்கள் என்பது எங்கும் வரவில்லை.

இனி வீட்டுப் பீரோவுக்கு வருவோம். பழைய கிரையப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளின் தலையில் விக்டோரியாவோ எட்வர்டோ ஜார்ஜோ இருப்பார்கள். சொத்து கூட்டுக் குடும்பத்துடையது என்றால், குடும்ப அவசியத்துக்காகத்தான் விற்கிறேன் என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒரு மகன் வந்து கிரையம் செல்லாது என்பான். அதனால் இன்னாருக்குப் பிராமிசரி நோட்டுக் கடன் இவ்வளவு, மகள் கலியாணக் கடன் இவ்வளவு, நூல் கடைப் பாக்கி இவ்வளவு என்று பிரதிப்பிரயோசனத்தின் விவரம் வரி வரியாக வரும். குடும்பம் வெளியே சொல்லக் கூசியதையெல்லாம் சட்டம் எழுதி வாங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம். அதில் நான்கெல்லை, பத்திர எழுத்தர் பாஷையில் செக்குபந்தி: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் சாயப்பட்டறைக்கு வடக்கு, கீழ்மேலோடும் சந்துக்குத் தெற்கு, இன்னார் காலி மனைக்குக் கிழக்கு. அதற்குட்பட்ட கட்டடம், கதவு நிலை, கிணற்றில் பாதிப் பாத்தியம், மாமூல் நடைவழி. ஒரு பத்திரம் தன் வீட்டோடு சுற்றியுள்ளவர்களின் பெயரையும் சொல்லிவிடுகிறது. ஒரே சந்தின் பத்து வீட்டு மூலப்பத்திரங்களைக் காலவரிசையில் அடுக்கினால், எந்த வருஷம் சாயப்பட்டறை வீடாயிற்று, எந்த வருஷம் காலி மனை கடையாயிற்று, எந்தக் கடன் எந்தக் குடும்பத்தை அந்தச் சந்தைவிட்டு அனுப்பியது என்று படிக்கலாம். கெசட்டியர் தராத வரலாறு இது.

இதெல்லாம் பதிவுத்துறையிடம் இருக்கிறதே, தனியாக எதற்குத் தொகுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிவான பத்திரத்தின் நகல் அலுவலகத்தில் இருக்கும்தான். 1975 முதலான வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு ஒரு சொத்துக்கு உரிமையாளர் யார் என்று தேடுகிறவருக்காக அமைந்தது. ஒரு தெருவில் ஐம்பது வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்பவருக்கு அங்கே கதவு இல்லை. இன்னொன்று, ஒரு வருஷத்துக்கு உட்பட்ட குடிக்கூலி ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் பதிவுச் சட்டத்தில் இல்லை. வாடகைக்கு இருந்தே வாழ்ந்து முடித்த தறிக்காரர்கள், சாயத் தொழிலாளிகள், கடைப் பையன்கள் பதிவுத்துறையைப் பொறுத்தவரை அந்தத் தெருவில் குடியிருக்கவே இல்லை.

பத்திரத்தைத் தாண்டியும் சரக்கு இருக்கிறது, ஒருவேளை அதுதான் கூடுதல் ருசி. சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட பெண்களுக்குக் கூலி கொடுத்த நோட்டு. ஜெர்மன் அலிசரின் சாயம் வாங்கிய பில்: முதல் உலகப் போரில் அந்தச் சரக்கு நின்றபோது பட்டறைகள் என்ன பாடு பட்டன என்று அறிய இதைவிடச் சாட்சி வேண்டாம். சபைகளின் மினிட்டுப் புத்தகம், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் எடுத்த கலியாணப் படம், பஜனை மட நோட்டீஸ், நாடக நோட்டீஸ். கூப்பிடு தூரத்தில் புதுமண்டபம். இ.மா.கோபாலகிருஷ்ணக் கோன் முதலான புத்தகக் கடைக்காரர்கள் முகப்பில் ‘புதுமண்டபம், மதுரை’ என்று போட்டு வெளியிட்ட நூல்கள் தமிழ்நாடு முழுக்கப் போயின. நூல்கள் நூலகங்களில் தப்பின, எத்தனை பிரதி போயிற்று, எந்த ஊர்த் திருவிழாவுக்கு எந்தக் கதை விற்றது என்று சொல்லக்கூடிய கடைக் கணக்கு யாரிடம்? கல் மண்டபத்தைச் சீரமைக்கிறோம் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, மண்டபத்துக்குத் திட்டமும் பணமும் இருந்தன. மூட்டை கட்டப்பட்ட கடைக் காகிதத்துக்கு ஒரு சாக்குகூட ஒதுக்கப்படவில்லை என்றால் யாரும் வியக்கப்போவதில்லை.

உண்மையிலேயே கனமான ஆட்சேபம் வேறு. பத்திரமும் மினிட்டுப் புத்தகமும் சொத்துள்ளவனுடையவை, சங்கம் வைத்தவனுடையவை. அவற்றை அடுக்கினால் கிடைப்பது ஒரு சாதியின் பெருமைப் புராணமாகத்தானே இருக்கும்? மதுரையில் இந்தப் பயம் வீணானதல்ல. சாதிச் சங்கங்களின் வரலாற்று மலர்களைப் புரட்டியவர்களுக்கு, அவற்றில் தோற்றவர்களே இல்லை என்பது தெரியும். 1927இல் அமெரிக்கன் கல்லூரியின் சாண்டர்ஸ் அமெரிக்கச் சமூகவியல் இதழ் ஒன்றில் மதுரைச் சௌராஷ்டிரர்களைப் பற்றி எழுதியதும் சமூகத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டுதான். இதற்கு என் பதில், தொகுப்பைச் சாதிவாரியாக அடுக்காதீர்கள், தெருவும் கதவு எண்ணுமாக அடுக்குங்கள் என்பது. ஒரே கதவு எண்ணின் கீழ் வீட்டுக்காரர் பத்திரமும், திண்ணையில் கடை போட்டவரின் வாடகை ரசீதும், பின்கட்டுக் குடித்தனக்காரரின் ரேஷன் அட்டையும் வந்து சேர்ந்தால், எந்தப் பெருமைப் புராணமும் தனியாக நிற்க முடியாது. காகிதமே இல்லாதவர்கள், அதாவது வாசல் கூட்டியவர்கள், கக்கூஸ் அள்ளியவர்கள், அந்தத் தெருவுக்குள் நுழையவே முடியாதிருந்தவர்கள், பேச்சாகத்தான் வர முடியும். மும்பையின் கிராண்காவ் மில் பகுதிக்கு நீரா ஆதர்கரும் மீனா மேனனும் 2004இல் செய்து காட்டியது அதுதான். நூறு ஆண்டு ஆலைத் தொழிலை நூறு பேர் வாய்மொழியாக நூலாக்கினார்கள். ஆலைகள் மூடி, நிலம் கைமாறத் தொடங்கிய பிறகு அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதையும் அந்த நூல் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

பத்திரத்தைக் கொடுத்தால் வம்பு வரும், எவனாவது பார்த்து வழக்குப் போடுவான் என்பது வீட்டுக்காரர்களின் பயம். கடன், தத்து, இரண்டாம் தாரம், சாதிப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆகவே மூலம் வீட்டைவிட்டு வெளியே வரவே வேண்டாம். பிரதி எடுத்தால் போதும். இத்தனை வருஷத்துக்குள் உள்ளது எதுவும் திறக்கப்படாது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அறுபது வருஷம் என்றால் பேரன்கள் சம்மதிப்பார்கள் என்பது என் கணக்கு. பணத்துக்கு எழுதியது நினைவுக்கு உதவும் என்பதற்கு நியூயார்க் அத்தாட்சி. 1939 முதல் 1941வரை வரி மதிப்பீட்டுக்காக நகரிலிருந்த கட்டடங்களையெல்லாம் படமெடுத்தார்கள், அவை ஏழு லட்சத்துக்கும் மேல். இன்று அங்கே யாரும் தாத்தா வீட்டைப் பார்க்கலாம். மதுரை 1866இல் முனிசிபாலிட்டி ஆயிற்று. சொத்துவரிக் கேட்புப் பதிவேடு என்ற புத்தகம் படமில்லாமலே அதே வேலையைச் செய்யக்கூடியது. எந்த வார்டுக்கு எந்த வருஷத்துப் பதிவேடு தப்பியிருக்கிறது என்று மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிட்டாலே பாதி தூரம் கடந்தாயிற்று.

எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு மனிதராகச் சேர்த்த நூல்களும் நோட்டீசுகளும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குப் போய் நூலகமாயின. அது நல்லதே, இல்லாவிட்டால் கறையானுக்குப் போயிருக்கும். ஆனால் பந்தடிக்காரர் ஒருவர் தன் பட்டறை நோட்டைப் பார்க்க ரயிலேற வேண்டிய ஏற்பாட்டுக்கு அவர் நோட்டைத் தரமாட்டார். 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரையிலேயே இருக்கிறது, குளிரூட்டிய அறைகளோடு. அங்கே ஒரு பிரதி, சங்கத்திடம் ஒரு பிரதி, வெளியூரில் ஒரு பிரதி. ஒரே இடத்தில் வைத்தால் என்னவாகும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவு தமிழர்களுக்குக் கற்பித்திருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்களைக் கொண்டே மின்பிரதியாக்கிக் காட்டியிருக்கிறது.

எந்தத் தெருவில் தொடங்குவது? மகாலை விட்டுவிட்டு மாரட் வீதிகளில் தொடங்கலாம் என்பேன். மகாலடி மனைகளின் மூலம் நாயக்கர் காலத்துக் குழப்பத்தில் மறைகிறது. மாரட் வீதி மனைகளோ கோட்டைச் சுவரும் அகழியும் போன பிறகு உண்டானவை, அவற்றின் முதல் பத்திரத்துக்கு முந்தைய பத்திரம் என்று ஒன்று இருக்க முடியாது. பிளாக்பர்ன் காலத்து அந்த முதல் கையெழுத்திலிருந்து இன்றைய செல்போன் கடை வாடகை ஒப்பந்தம்வரை ஒரு கதவு எண்ணுக்காவது சங்கிலி அறுபடாமல் கிடைத்தால், அடுத்த தெருக்காரர்கள் தாங்களே பீரோச் சாவியைத் தேடத் தொடங்குவார்கள்.