அரத்தை எடுக்கும் முன்

முன்சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டதும் 'சர்க்... சர்க்...' என்று சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, அதே இடத்தில். குனிந்து பார்த்தேன். ஃபோர்க்கின் மேல்வளைவுக்கும் டயருக்கும் நடுவே ஒரு தாள் நுழையவும் இடமில்லை. டயரில் 28 என்று அச்சிட்டிருந்தது. ஆன்லைனில் வாங்கிய ஃபோர்க்கின் விவரப் பக்கத்திலோ 30 மி.மீ. டயர் வரை தாராளமாகப் போகும் என்று எழுதியிருந்தது. பட்டறை அண்ணன் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்தார். "உள்பக்கம் லேசா தேச்சு விட்ரலாம் தம்பி. வெளியே தெரியவே தெரியாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது கார்பன் ஃபோர்க். இழைகளை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டிச் செய்வது. அரம் பட்டால் இழை அறுந்துவிடும். இரும்பு வளைந்தாவது காட்டும். கார்பன் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அண்ணனுக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் அதில் இருந்தது. அரம் பட்ட பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். நாளைக்கு அதனால் விபத்து நேர்ந்தால் சட்டமும் நம் பக்கம் நிற்காது. ரோடு பைக்கைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கோக்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடம் வளர்ந்து வருகிறது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எண் ஒன்று, அளவு வேறு. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று இருக்கும். 622 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அது மாறாது. 28 என்ற அகலம்தான் மாறும். முன்பு ரோடு பைக் ரிம்மின் உள்ளகலம் 15 மி.மீ. அளவில் இருந்தது. இன்று 19, 21, 23 என்று அகலமாகிவிட்டது. அகன்ற ரிம்மில் டயர் விரிந்து உட்காரும். காற்றடித்து ஒரு நாள் நின்றால் இன்னும் கொஞ்சம் விரியும். என் டயரை வெர்னியர் காலிபரால் அளந்தபோது 29.4 மி.மீ. வந்தது. எனவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஃப்ரேம் வாங்காதீர்கள். உங்கள் ரிம்மில் மாட்டி, காற்றடித்து, மறுநாள் அளந்த எண்தான் உங்கள் டயரின் அகலம்.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? பல ஃப்ரேம் நிறுவனங்கள் குறைந்தது 4 மி.மீ. கேட்கின்றன, சில கூடுதலாகவும் கேட்கும். உங்கள் ஃப்ரேமுக்கு அதன் கையேடு சொல்வதே கணக்கு. அளக்க 4 மி.மீ. ஆலன் கீ போதும். டயருக்கு மேலே, இரு பக்கமும், பின்னால் செயின்ஸ்டே அருகிலும் அது உரசாமல் நுழைய வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி, பெண்டு இருக்கும் இடம் மேலே வரும்போது நுழைத்துப் பாருங்கள். என் ஃபோர்க்கில் 2 மி.மீ. கீயே நுழையவில்லை.

நிறுத்திவைத்த வண்டியில் உரசவில்லை என்பது போதாது. எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் அசையும். ஒரு ஸ்போக் அறுந்தால் ரிம் வளையும். புதிதாகத் தார் போட்ட சாலையில் ஜல்லி டயரில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். முன்சக்கரம் அந்த நொடியில் இறுகி நின்றால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார்.

டயரும் ரிம்மும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்டின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்தது. கொக்கி விளிம்பு இல்லாத ஹூக்லெஸ் வகை ரிம் அது. உள்ளகலம் 25 மி.மீ., டயர் 28. அந்த அகல ரிம்முக்குக் குறைந்தது 29 மி.மீ. டயர் வேண்டும் என்பது ஐரோப்பிய டயர்-ரிம் தர அமைப்பின் பரிந்துரை. சாலையில் கிடந்த கல்லில் மோதியதுதான் காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. வீரர்களின் கவலை அதோடு அடங்கவில்லை. ஹூக்லெஸ் ரிம்மில் காற்றழுத்தம் 5 பாரை, அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. பழைய பழக்கத்தில் 100 வரை அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மிதியச்சு உட்காரும் பிபி பகுதியில்தான் நிறைய ஃப்ரேம்கள் பாழாகின்றன. பிஎஸ்ஏ வகையின் அகலம் 68 மி.மீ., இத்தாலிய வகை 70. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிஎஸ்ஏவில் செயின் பக்கத்து மரை இடதுமரை. இத்தாலிய வகையில் இரண்டு பக்கமும் வலதுமரை. தெரியாமல் நீண்ட ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஃப்ரேமின் மரை அழிந்துவிடும். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகைகளும் ஏழெட்டு உண்டு. முதல் இரண்டு சுற்று விரலாலேயே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் எண்ணெய் விட்டு முறுக்காதீர்கள், நிறுத்துங்கள்.

பின்சக்கர இருசின் அகலமும் அப்படித்தான். ரிம் பிரேக் ரோடு பைக்குக்கு 130 மி.மீ., டிஸ்க் பிரேக் த்ரூ ஆக்ஸிலுக்கு 142. சக்கரம் நுழையவில்லை என்று கார்பன் ஃப்ரேமின் கால்களைக் கையால் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறும். நிறுவனமே தீர்வு தந்திருக்கும் இடங்களும் உண்டு. 11 கியர் ஃப்ரீஹப்பில் ஷிமானோவின் 10 கியர் கேசட் மாட்ட 1.85 மி.மீ. வளையம் இருக்கிறது. அது முறையான வழி, தயங்காமல் போடலாம். பீர் டப்பாவை வெட்டிச் சொருகுவது முறையான வழி அல்ல.

இனி உரிமை. வாங்கியவரே அளவு பார்க்காமல் தவறான பாகத்தைத் தேர்ந்தெடுத்தால் அது பொருளின் குறை ஆகாது. கடையின் ரிட்டர்ன் விதி இடம் கொடுத்தால்தான் உண்டு. 'இது பொருந்தும்' என்று விற்பவர் சொன்னது பொய்த்தால் நிலைமை வேறு. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே.

அதே சட்டத்தின் 86, 87 ஆம் பிரிவுகளை வண்டி கோப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விற்றவர் தானாக உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்தாலும், பொருத்துவதில் கவனம் தவறினாலும், அதனால் நேரும் தீங்குக்கு அவர் பொறுப்பு. ஆனால் தீங்கு நேரும்போது அந்தப் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது. அரத்தின் ஒரு தேய்ப்பு அந்த இடத்தில்தான் நம்மைக் கவிழ்க்கும்.

எனவே வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஃப்ரேம், ரிம் உள்ளகலம், டயர், பிபி வகை எல்லாவற்றையும் சொல்லி, 'இது பொருந்துமா?' என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பதில் வாங்குங்கள். விவரப் பக்கத்தை அன்றைக்கே படம் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, பாகத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.

என் ஃபோர்க்கை விற்றவர் முதலில், "மாட்டிப் பார்த்த பொருளை எடுக்க மாட்டோம் சார்" என்றார். 2 மி.மீ. கீ நுழையாத படம், வெர்னியர் காட்டிய 29.4, '30 வரை' என்ற அவர்களது வாசகம் மூன்றையும் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். பணம் திரும்பி வந்தது. அரம் பட்டிருந்தால் வந்திருக்காது.

அங்கே தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. கடையில் அச்சிட்டுத் தரும் பில் அதற்குள் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள்.