புதிய டிரைவர்களும் பெருஞ்சாலையும்

பூந்தமல்லியில் லைசென்ஸ் பெறும் ஒருவர் மறுதினமே இரண்டு பெருஞ்சாலைகளில் பிரவேசிக்கலாம். பெங்களூர் ராஜபாட்டை ஒன்று. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை மற்றொன்று. நசரத்பேட்டையருகே இரண்டும் சந்திக்கின்றன. அப்பிரவேசத்திற்கு அவரை நாம் தயார் செய்திருக்கிறோமா?

அபாயத்தைக் கணக்கே விளக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, வினாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. அதற்கு 100 மீட்டர் முன்னால், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் நுழைவாராயின், அது அவரை எட்ட ஆறே வினாடிகள் போதும். ஆகவே இணைப்புச் சாலையிலேயே வேகத்தைக் கூட்டி, கண்ணாடியிலும் பக்கவாட்டிலும் பார்த்து, இடைவெளியறிந்து சேருதல் அவசியம். நிதானமென்று கருதித் தயங்குவதே இங்கு விபத்துக்கு ஹேதுவாகிறது.

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், சொந்தக் கார் ஓட்டப் பயில்வோருக்குப் பயிற்சிப் பள்ளிகள் குறைந்தது 21 நாட்களும், 10 மணி நேர ஓட்டமும் அளிக்க வேண்டுமென்கின்றன. அந்தப் பத்து மணியும் ஊர்த் தெருக்களிலேயே கழியுமாயின் பயன் யாது?

பிரிட்டனில் மோட்டார் பாதைகளில் பயில்வோர் செல்லலாகாதென்றிருந்த தடை, 2018 ஜூன் 4 முதல் தளர்த்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஆசிரியருடன், இரட்டைக் கட்டுப்பாடுள்ள காரில் அவர்கள் செல்லலாம். நமது மத்திய சர்க்காரும் 2021-ல் அங்கீகாரப் பயிற்சி நிலையங்களுக்கென வகுத்த 29 மணி நேரப் பாடத்தில் நெடுஞ்சாலை ஓட்டத்தைச் சேர்த்தது. அதனைச் சகல பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கி, லைசென்ஸ் பரீட்சையிலும் தனி அம்சமாகச் சேர்க்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். அதுவரை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரே இப்பாடத்தைக் கேட்டுப் பெறுவார்களாக.